வாசல் வரை வரும் கம்பி

எந்த இணையச் சேவையை நம்பி எடுக்கலாம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பொறியியல் படித்த பாவம்! “உங்க வாசல் வரைக்கும் யாரோட கம்பி வருது?” என்று திருப்பிக் கேட்பேன்.

1990களில் அப்பாவுக்கும் இதே குழப்பம். மலேசியாவில் முதலில் வந்தது ஜாரிங். அரசு ஆய்வு நிறுவனமான மிமோஸ் 1992இல் அதைத் தொடங்கியது. மலாயில் ‘ஜாரிங்’ என்றால் வலை. பேர் வைத்தவருக்கு ஒரு சபாஷ். 1996இல் டெலிகோமின் டிஎம்நெட் வந்தது. மோடம் 1511ஐ அழைத்தால் ஜாரிங், 1515 என்றால் டிஎம்நெட். கடை இரண்டு. எங்கள் வீட்டிலிருந்து இரண்டுக்கும் பாதை அதே தொலைபேசிக் கம்பிதான். இணையத்தில் இருந்தால் வீட்டு போன் எங்கேஜ். பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரி அத்தை ஒரு மணி நேரம் போன் அடித்துப் பார்த்தாராம். அதற்குப் பிறகு இருட்டிவிட்டால் அப்பா மோடத்தைத் தொடுவதில்லை.

2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் வந்ததும் போனும் இணையமும் ஒரே கம்பியில் சேர்ந்து ஓடின. ஆனாலும் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் குறையும். 2008இல் அரசு டெலிகோமோடு ஒப்பந்தம் போட்டது: 1,130 கோடி ரிங்கிட் திட்டம், அதில் அரசின் பங்கு 240 கோடி. 2010 மார்ச்சில் யூனிஃபை, முதலில் பங்சார், சுபாங் ஜெயா மாதிரி நாலு இடங்களில். கண்ணாடி இழை எந்தத் தெருவுக்கு வந்ததோ அந்தத் தெருவுக்குத்தான் வேகம்.

முதலில் வந்த ஜாரிங் 2015இல் மூடப்பட்டது. வீட்டு வாசல்களுக்குச் சொந்தக் கம்பி இல்லாதவர் எத்தனை நாள் தாங்குவார் என்பது என் கணக்கு. அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். அவருடைய பழைய முகவரி அட்டையில் ஜாரிங் மின்னஞ்சல் இன்னும் அடிக்காமல் இருக்கிறது.