கம்பவுண்டர் கையும் ஒரு துளி இரத்தமும்



டில்லியிலோ நாக்பூரிலோ உத்தியோகம் பார்க்கும் நம்மவர், ஊரிலுள்ள பெற்றோரைத் தொலைபேசியில் நலம் விசாரிக்கிறார்கள். "மருந்துக் கடையிலே சர்க்கரை பார்த்தேன், நூற்றெண்பது இருந்தது" என்று விடை வருகிறது. அந்த எண்ணைக் கண்டு சொன்னவர் அவ்வேலையை எங்கே கற்றார்? இதற்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி நம் வட ஆர்க்காட்டில் நிகழ்ந்தது.

வேணுகோபாலசுவாமி கோயிலுக்குப் பெயர் பெற்ற கார்வேட்டிநகரம், 1911-ஆம் ஆண்டு சித்தூர் ஜில்லா அமையும் வரையில் வட ஆர்க்காட்டைச் சேர்ந்த ஜமீனாக இருந்தது. 1953-இல் சித்தூர் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தபோதும், கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. நாம் வேலை தேடி வெளி மாநிலம் போனோம். அவ்வூர்த் தமிழரோ வீட்டை விட்டு நகராமலே வெளி மாநிலத்தவரானார்கள். எலும்பு முறிந்தால் அருகிலுள்ள புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வது அவ்வட்டாரத்து வழக்கம். காய்ச்சலுக்கும் தலைச்சுற்றலுக்கும், மற்ற ஊர்களைப் போலவே, முதலில் மருந்துக் கடைதான்.

அதே வட ஆர்க்காட்டைச் சேர்ந்த வேலூரில், டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1903-ஆம் ஆண்டு கம்பவுண்டர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். செவிலியர் பள்ளி 1909-இலும், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இலும் பின்னரே தோன்றின. டாக்டரை உருவாக்குவதற்கு முன் கம்பவுண்டரை உருவாக்க வேண்டியிருந்தது என்பது சிந்தனைக்குரியது.

கம்பவுண்டர் என்பதற்குக் 'கலப்பவர்' என்று பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் போதாததாகவே தோன்றும். ஏனெனில் பல சிறு ஆஸ்பத்திரிகளில் அவர் கலப்பதோடு நிற்கவில்லை, சோதிக்கவும் செய்தார். பெனடிக்ட் என்ற அமெரிக்க ரசாயன அறிஞரின் நீல நிறக் கரைசலில் எட்டுத் துளி சிறுநீரை விட்டுக் காய்ச்சுவார்கள். சர்க்கரையின் அளவுக்கேற்ப நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, முடிவில் செங்கல் நிறமாகும். கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும்.

பிறகு சட்டங்கள் வந்தன. போலி மருந்துகளை ஆராய 1930-இல் கர்னல் சோப்ரா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1940-இல் மருந்துச் சட்டமும், 1948-இல் பார்மஸி சட்டமும் நிறைவேறின. பதிவு பெற்ற மருந்தாளுநரே டாக்டரின் சீட்டுக்கு மருந்து வழங்கலாம் என்று ஏற்பட்டது. நல்ல காரியமே. ஆயினும் அதே காலத்தில் மாத்திரைகள் தொழிற்சாலையிலிருந்து அட்டையாகவே வந்து இறங்கியமையால், கலக்கும் கைக்கு வேலை குறைந்தது. எடுத்துக் கொடுக்கும் கையே எஞ்சியது.

சோதனை மீண்டும் கடைக்கு வந்தது வேறு வழியில். 1960-களில் இரத்தச் சர்க்கரையைக் காட்டும் தாள்பட்டை அமெரிக்காவில் வந்தது. அதன் நிறத்தை அளக்கும் கருவி 1970-இல் வந்தது. அக்கருவி ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. இன்று அது சட்டைப்பையில் அடங்குகிறது. இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல் மருந்துக் கடைகளில் இரத்த அழுத்தம் பார்ப்பது அரசு மருத்துவச் சேவையின் ஒரு பகுதியாயிற்று. நம் நாட்டில், 2020-ஆம் ஆண்டின் புதிய விதிகளின்படி அமைந்த டி.பார்ம் பாடத்திட்டத்தில், விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதும் இரத்த அழுத்தம் அளப்பதும் செய்முறைப் பயிற்சியாகவே இடம்பெற்றன.

ஊசி குத்துவதை ஒரு நாழிகையில் கற்கலாம். மற்றவைதான் கடினம். பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் எண் பொய்யாக ஏறும். தாள்பட்டைக் குப்பியைத் திறந்து வைத்தால் ஈரக்காற்று அதைக் கெடுக்கும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றொருவருக்குத் தொடவும் கூடாது. துளைபடாத பெட்டியில் போட வேண்டும். எல்லாவற்றிலும் அரிதான பயிற்சி, எண்ணைச் சொல்லிவிட்டு, "இதை டாக்டரிடம் காட்டுங்கள்" என்று நிறுத்திக்கொள்வது. அலமாரி நிறைய மருந்து அடுக்கியிருக்கும் இடத்தில், மருந்து கொடுக்காமல் ஒருவரை அனுப்பி வைப்பது எளிதன்று.

வெறும் வயிற்றில் நூற்றெண்பது என்றால் காலம் தாழ்த்தலாகாது. வைத்தியத்திலிருக்கும் நீரிழிவுக்காரருக்கு உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின் அதே எண் வந்தால், அது அவ்வளவு பெரிய அச்சம் அன்று. ஆகவே, அடுத்த முறை ஊரிலிருந்து எண் வரும்போது, சாப்பிடுவதற்கு முன்னா பின்னா, கை கழுவினீர்களா, புது ஊசியா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் விடை தெரிந்திருந்தால், அந்தக் கடைக்காரர் பயிற்சி பெற்றவராகவே இருக்கக்கூடும்.