சிரிப்பு வாயுவும் பல் வைத்தியமும்

குழந்தையைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வது எளிய காரியமன்று. வலியைக் காட்டிலும் வலி பற்றிய அச்சமே அதன் வாயை இறுக மூடிவிடுகிறது. அந்த அச்சத்தைத் தணிக்க இன்று பயன்படும் வாயுவின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி என்னும் இளம் விஞ்ஞானி நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைத் தாமே முகர்ந்து ஆராய்ந்தார். ஞானப்பல் முளைத்தபோது ஈற்றில் உண்டான வலி அதனால் தணியக் கண்டார். ரண சிகிச்சைக்கும் அது உதவக்கூடும் என்று 1800இல் வெளியிட்ட நூலில் எழுதினார். மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாயு வேடிக்கைக் காட்சிகளில் மக்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது, நோயாளிகளோ அலறிக்கொண்டிருந்தனர்!

அமெரிக்காவில், ஹார்ட்ஃபோர்ட் நகரப் பல் வைத்தியர் ஹோரஸ் வெல்ஸ் 1844 டிசம்பர் 10ஆம் நாள் அத்தகைய காட்சியொன்றைக் காணச் சென்றார். வாயுவை முகர்ந்த இளைஞன் ஒருவன் காலில் அடிபட்டும் வலியை உணராதிருந்ததைக் கவனித்தார். மறுநாளே அவ்வாயுவின் உதவியால் தம் பல் ஒன்றைப் பிடுங்கச் செய்தார். அடுத்த மாதம் பாஸ்டனில் மாணாக்கர் முன்னிலையில் செய்து காட்டியபோது, வாயு போதாமல் நோயாளி கூச்சலிட்டார். வெல்ஸுக்கு ஏளனமே கிடைத்தது. 1846இல் அதே நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு வெற்றி கண்டார். மறு ஆண்டு குளோரோஃபாரம் வந்தது.

1848 ஜனவரி 24இல், குளோரோஃபாரத்தைத் தம்மீதே சோதித்து மனம் பேதலித்திருந்த வெல்ஸ் உயிரை மாய்த்துக்கொண்டார். நான்கே நாட்களில், இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால் நகத்தை அகற்றுவதற்காகக் கொடுத்த குளோரோஃபாரத்தால் சில நிமிடங்களில் இறந்தாள். அற்ப சிகிச்சைக்கு ஓர் உயிரையா விலை கொடுப்பது? இவ்வினா பல் வைத்தியத்தையும் நெடுங்காலம் தொடர்ந்து வந்தது. சொத்தைப் பல்லுக்காக முழு மயக்கம் பெற்ற சிறுவர் சிலர் விழிக்கவேயில்லை. ஆதலால் 2001 முடிவோடு இங்கிலாந்தில் முழு மயக்கம் மருத்துவமனைகளுக்குள் மட்டுமே என்றாயிற்று.

முழு மயக்கம் வேறு, அமைதிப்படுத்துதல் வேறு. பின்னதில் குழந்தை உறங்குவதில்லை. கூப்பிட்டால் பதில் சொல்லும். 1868இல் சிகாகோவின் எட்மண்ட் ஆண்ட்ரூஸ் நைட்ரஸ் ஆக்ஸைடுடன் பிராணவாயுவைக் கலக்கும்படி கூறியது இதற்கு வழி வகுத்தது. இன்றைய கருவிகள் பிராணவாயுவை 30 சதவீதத்துக்குக் குறைய விடுவதில்லை. மரத்துப்போகச் செய்யும் ஊசியும் வேண்டியிருக்கும். ஆனால் அதைக் குழந்தை பொறுத்துக்கொள்ளும். முடிவில் சில நிமிடம் தூய பிராணவாயு மட்டும் தருவர்.

வாயு பாதி வேலை செய்தால் வைத்தியரின் இன்சொல் மீதியைச் செய்கிறது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர், வைத்தியரின் மொழி குழந்தைக்குப் புரியாதெனில், தாயாரை அருகில் இருத்தித் தமிழில் சொல்லச் செய்யலாம். ஜலதோஷத்தால் மூக்கடைத்திருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மூக்கின் வழியே தரப்படும் வாயுவாதலால் அன்று சிகிச்சையைத் தள்ளிவைப்பர்.