பாலிமர் உடல் கைத்துப்பாக்கி: ஐதராபாத்

பிடியும் விசைக்கூடும் அடங்கிய கீழ்ப்பாகத்தை நைலான் வகைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, சுடுகுழலையும் அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடையும் எஃகிலேயே வைத்துக்கொண்ட பிஸ்டலைப் பாலிமர் உடல் கைத்துப்பாக்கி என்கிறார்கள். ஐதராபாத்தில் பயங்கரவாத எதிர்ப்புப் படையினரின் இடுப்பில் இதைக் காணலாம். அண்மைக் காலமாக நகரத்துத் தொழிற்சாலைகளிலும் இதுவும் இதன் உறவுக்கார ஆயுதங்களும் உருவாகின்றன. அதே ஊரின் சுடுதளங்களில் பதக்கத்துக்காகச் சுடுபவர்கள் கையில் இன்னும் கனமான உலோகத் துப்பாக்கிதான். ஒரு நகரத்துக்குள் தெரியும் இந்தப் பிரிவிலேயே பாலிமர் யாருக்குப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்பதற்கான விடை இருக்கிறது. நாள் முழுக்கச் சுமப்பவர் பாலிமரைக் கேட்கிறார். நின்று நிதானித்துச் சுடுபவர் எடையைக் கேட்கிறார்.

அமைப்பு

‘பிளாஸ்டிக் துப்பாக்கி’ என்ற பேச்சுவழக்குப் பெயர் பாதி பொய். வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் எந்தப் பாகமும் பிளாஸ்டிக் அல்ல. குழல், ஸ்லைடு, சுடும் ஊசி, சுருள்வில்கள் எல்லாம் எஃகு. பிளாஸ்டிக் உடலுக்குள்ளேயும் ஸ்லைடு ஓடுவதற்கான சிறிய எஃகுத் தண்டவாளங்களை வார்க்கும்போதே பதித்துவிடுகிறார்கள். இவ்வகையில் உலகப் புகழ்பெற்ற கிளாக் பிஸ்டலின் எடையில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் எஃகுதான். 1980களில் அது அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது விமான நிலையச் சோதனைக் கருவிகளின் கண்ணுக்கு அது தப்பிவிடும் என்று பெரும் பீதி கிளம்பியது. 1990-ல் வந்த ‘டை ஹார்ட் 2’ படம் பீங்கானால் ஆன ஒரு கிளாக்கைக் கற்பனை செய்து அந்தப் பீதிக்கு இன்னும் தீனி போட்டது. அப்படியொரு துப்பாக்கி இருந்ததே இல்லை.

வரலாறு

துப்பாக்கியில் நைலானைத் துணிந்து பயன்படுத்திய முதல் பெரிய வெற்றி, 1959-ல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்கு விட்ட ‘நைலான் 66’ என்ற ரைபிள். பிஸ்டலில் அதைச் செய்தவர்கள் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோச் நிறுவனத்தார். அவர்களுடைய வி.பி. 70 மாடல் 1970-ல் வந்தது. அதன் விசை கனம், கைக்கு ஒத்துவரவில்லை, ஓடவில்லை.

ஓடியது ஆஸ்திரியாவின் காஸ்டன் கிளாக் செய்தது. திரைச்சீலைக் கம்பி, ராணுவக் கத்தி, மண்வெட்டி என்று செய்துகொண்டிருந்தவர் அவர்; துப்பாக்கித் தொழிலில் அனுபவம் கிடையாது. ஆஸ்திரிய ராணுவம் புதுப் பிஸ்டல் தேடுகிறது என்று கேள்விப்பட்டு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இதில் இறங்கினார். கிளாக் 17 அந்த ராணுவத்தின் சோதனைகளில் வென்று 1982-ல் தேர்வானது. பழைய பட்டறைப் பழக்கம் இல்லாததுதான் அவருக்கு உதவியது என்று நினைக்க இடமிருக்கிறது. எஃகுக் கட்டியைக் கடைந்து கடைந்து உடலை எடுக்கும் மரபு அவரைக் கட்டுப்படுத்தவில்லை. உருகிய பாலிமரை அச்சில் செலுத்தி உடலை வார்த்தார். மொத்தப் பாகங்களை முப்பத்துச் சொச்சத்துக்குள் அடக்கினார்.

விரும்புவோர் சொல்லும் காரணங்கள்

எடைதான் முதற்பேச்சு. இந்திய ராணுவமும் காவல்துறையும் நெடுங்காலமாக வைத்திருப்பது மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்த ‘பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ’. பெல்ஜியத்தின் பிரௌனிங் ஹை-பவரின் வழிவந்தது, முழுக்க எஃகு, சுமார் 900 கிராம், மேகசினில் 13 தோட்டா. கிளாக் 17 மேகசின் இல்லாமல் சுமார் 630 கிராம், தோட்டா 17. கூடுதலாக நான்கு தோட்டாக்களை ஏற்றிய பிறகும் கிளாக்தான் இலகு. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது கால் கிலோ பெரிதாகத் தெரியாது. வாக்கி-டாக்கி, விலங்கு, கூடுதல் மேகசின்கள் எல்லாம் தொங்கும் பெல்ட்டில் பன்னிரண்டு மணி நேரப் பணிக்குப் பிறகு இடுப்பெலும்பு அந்தக் கால் கிலோவைக் கணக்கு வைத்திருக்கும்.

அடுத்தது வியர்வை. எஃகின்மீது பூசும் கருநீலப் பூச்சு உறையில் உரசி உரசித் தேயும்; தேய்ந்த இடத்தில் உப்பு வியர்வை பட்டால் துரு கிளம்பும். ஐதராபாத்தின் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்; ஜூனில் மழை இறங்கிவிடும். இந்தப் பருவங்களில் எஃகுப் பிஸ்டலை எண்ணெய்த் துணியோடு குழந்தையைப்போல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலிமர் துருப்பிடிப்பதில்லை. வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்தாலும் எஃகுப் பிடிபோல் கையைச் சுடுவதில்லை. கிளாக்கின் எஃகுப் பாகங்களுக்கும் துருவைத் தடுக்க மேற்பரப்பைக் கடினமாக்கும் வெப்ப வேதி முறை உண்டு.

விசை பற்றிய காரணம் இவற்றைவிட ஆழமானது. வெளியாட்கள் அதிகம் கவனிக்காதது. ஹை-பவர் வகைப் பிஸ்டலில் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைத்தால்தான் விசை வேலை செய்யும். பாதுகாப்பு நெம்புகோல் தனியாக இருக்கிறது. மேகசினைக் கழற்றினால் சுடவிடாத இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அது விசையைக் கரகரப்பாக்குகிறது. பதற்றமான நேரத்தில் கட்டைவிரல் நெம்புகோலைத் தேட வேண்டும். கிளாக் வகையில் வெளியே நெம்புகோலே கிடையாது. பாதுகாப்புகள் விசையோடு இணைந்தவை: விரல் விசையை முறையாக அழுத்தினால் விலகும், எடுத்தால் மீண்டும் பூட்டும். முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் விசையின் கனம் ஒன்றே, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. ஆண்டுக்குச் சில முறை மட்டும் சுடுதளத்துக்குப் போகும் காவலருக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு. ‘எளிமையான துப்பாக்கி’ என்று பாலிமர் பிரியர்கள் சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பது தோற்றத்தின் எளிமையைவிட இந்த எளிமைதான்.

தோற்றமும் எளிமைதான், சிலர் அசிங்கம் என்பார்கள். வால்நட் மரப்பிடி, செதுக்கு வேலை, பளபளக்கும் நீலப் பூச்சு எதுவும் இல்லை. ஆனால் அதுவே வசதி. கீறல் விழுந்தால் மனம் வலிக்காத பொருளைத்தான் மனிதன் தயங்காமல் பயன்படுத்துவான். கையின் அளவுக்கு ஏற்பப் பிடியின் முதுகுப் பகுதியை மாற்றிக்கொள்ளும் வசதியும் பாலிமரால் சுலபமாயிற்று. ஜெர்மனியின் வால்தர் பி99 1990களின் பிற்பகுதியில் இதைக் கொண்டுவந்தது. கிளாக் 2010-ல்தான் பின்தொடர்ந்தது. இதன் தேவை ஐதராபாத்திலேயே தெரிகிறது: சிவராம்பள்ளியில் இருக்கும் சர்தார் வல்லபாய் படேல் தேசியக் காவல் கழகத்தில் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வானவர்கள் அனைவரும் ஆயுதப் பயிற்சி பெறுகிறார்கள். கழகம் 1975-ல் மவுண்ட் ஆபுவிலிருந்து ஐதராபாத்துக்கு வந்தது. அன்றைக்கு ஆண்களின் கையை மனத்தில் வைத்து வடித்த எஃகுப் பிடியே போதும் என்றிருந்தது. பெண் அதிகாரிகள் பெருகிவிட்ட இன்றைய வகுப்புகளுக்கு ஒரே அளவுப் பிடி பொருந்தாது.

ஐதராபாத்தின் படைகள்

2007 மே மாதம் மெக்கா மசூதியிலும், ஆகஸ்டில் லும்பினி பூங்காவிலும் கோகுல் சாட் கடையிலும் குண்டுகள் வெடித்தன. அந்த ஆண்டே அன்றைய ஆந்திரப் பிரதேசக் காவல்துறை ‘ஆக்டோபஸ்’ என்னும் பயங்கரவாத எதிர்ப்புப் படையை அமைத்தது. கட்டடத்துக்குள் புகுந்து நெருக்கத்தில் சண்டையிடும் இந்தப் படைக்குக் கிளாக் பிஸ்டல்கள் வந்தன. 1984-ல் தொடங்கிய தேசியப் பாதுகாப்புப் படையும் கிளாக்கைப் பயன்படுத்துகிறது. சாதாரணக் காவல் நிலையங்களின் ஆயுதப் பெட்டியில் பழைய எஃகு 9 மி.மீ. பிஸ்டலும் ரிவால்வரும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பாலிமர் இங்கே சிறப்புப் படையின் அடையாளமாகிவிட்டது. உலகின் பல நாடுகளில் அது சாதாரணப் போலீஸ்காரரின் கருவி.

மறுப்புகள்

எடை குறைந்தால் உதை கூடும். இது இயற்பியல், விளம்பரத்தால் மாறாது. பாலிமர் சற்று வளைந்து உதையின் கூர்மையை மழுக்குகிறது, குழல் கைக்கு நெருக்கமாகத் தாழ்வாக இருப்பதால் முனை எழும்புவதும் குறைகிறது என்று ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் எடை முழுவதும் மேலே ஸ்லைடில் குவிந்து, கீழ்ப்பகுதி பஞ்சாக இருப்பதை அனுபவமுள்ள கை உணரும். மேகசின் காலியாகக் காலியாக இந்தத் தலைக்கனம் கூடும்.

இதனால்தான் போட்டியில் சுடுபவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். ஐதராபாத்தின் இஷா சிங் 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் நான்கு பதக்கம் வென்றார். மனு பாக்கர், ரிதம் சங்வான் ஆகியோருடன் 25 மீட்டர் பிஸ்டல் அணிப் பிரிவில் வென்ற தங்கம் அதில் ஒன்று. அந்தப் பிரிவில் ஒற்றைக் கையால் சுட வேண்டும். விரைவுச் சுற்றில் தாழ்த்திய கையை உயர்த்தி மூன்று நொடிக்குள் ஒரு தோட்டா. இதற்கான .22 பிஸ்டலின் எடைக்கு உச்சவரம்பு 1,400 கிராம். விசையின் கனம் குறைந்தது 1,000 கிராம் இருக்க வேண்டும். துப்பாக்கியின் எடையைக் குறைக்கச் சொல்லி விதி எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. கூட்டாதே என்றுதான் தடுக்கிறது. எடை எவ்வளவு விரும்பப்படுகிறது என்பதற்கு இந்த வரம்பே சான்று. ஓடியாடிச் சுடும் செயல்முறைத் துப்பாக்கிப் போட்டிகளிலும் அப்படியே: ஏறத்தாழ 1.3 கிலோ எடையுள்ள செக் நாட்டு எஃகுப் பிஸ்டல் சி.இசட். ஷேடோ 2, பாலிமரை ஓரம் தள்ளி மேலே வந்துவிட்டது. பணி நேரம் முழுக்க அதைச் சுமக்க வேண்டியதில்லை அல்லவா.

நெம்புகோல் இல்லாததும் எல்லோருக்கும் உவப்பானதல்ல. விசைமீது விரலோ சட்டை நுனியோ இருக்க உறையில் செருகினால் துப்பாக்கி சுட்டுவிடக்கூடும். பயிற்சி குறைந்த படைக்கு எளிமை வரமா சாபமா என்ற வாதம் உலகெங்கும் ஓயவில்லை. நியூயார்க் காவல்துறை 1990களில் கிளாக்கை ஏற்றபோது விசையின் கனத்தை வேண்டுமென்றே இரட்டிப்புக்கு மேல் உயர்த்தியது. பாதுகாப்பைக் கூட்டினார்கள், குறி தவறுவதும் கூடியது என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள்.

நகரத்துத் தொழிற்சாலைகள்

எஃகை அறுக்கும் கணினி இயந்திரங்கள் செய்து பேர் வாங்கிய லோகேஷ் மெஷின்ஸ் நிறுவனம் ஐதராபாத்தைச் சேர்ந்தது. ராணுவத்தின் மோவ் காலாட்படைப் பள்ளியைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் பிரசாத் பன்சோட், புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ‘அஸ்மி’ இயந்திரப் பிஸ்டல் 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. நான்கு மாதத்தில் உருவானது. அதன் மேற்கூடு விமானத் தர அலுமினியம், கீழ்க்கூடு கார்பன் இழை. விசைப் பாகங்கள் உலோக முப்பரிமாண அச்சில் உருவானவை. அதைத் தயாரிக்கும் பொறுப்பு லோகேஷ் மெஷின்ஸுக்கு வந்தது. 2024-ல் ராணுவத்தின் வடக்குக் கட்டளைக்கு 550 அஸ்மிகள் வாங்க உத்தரவானது. எஃகு கடைவதையே தொழிலாகக் கொண்ட ஆலை, எஃகைத் தவிர்க்கும் ஆயுதத்தில் கைவைத்தது இந்தத் துறையின் திசையைக் காட்டுகிறது. அஸ்மி தொடர்ந்து சுடவல்ல ஆயுதம். இக்கட்டுரையின் பொருளான சாதாரணப் பிஸ்டலோடு சேர்த்து எண்ணக்கூடாது.

சாதாரணப் பிஸ்டல் வேறு வழியாக வந்தது. ஐதராபாத்தின் ஐகாம் நிறுவனம் அபுதாபியின் கராக்கால் நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம் பெற்று, நகரத்தையொட்டி சிறு ஆயுத ஆலையைத் திறந்தது. கராக்கால் பிஸ்டலின் மூல வடிவமைப்பாளர் வில்ஹெல்ம் பூபிட்ஸ் ஆஸ்திரியர். ஸ்டேயர் எம் பிஸ்டலையும் வடிவமைத்தவர். ஆக, ஆஸ்திரியச் சிந்தனை வளைகுடா வழியாகத் தெலங்கானாவுக்கு வந்துசேர்ந்திருக்கிறது. 2013-ல் பாதுகாப்புக் குறைபாட்டால் கராக்கால் பிஸ்டல்கள் திரும்பப் பெறப்பட்டதும் அந்த வரலாற்றின் பகுதி. திருத்திய மாடல் ‘ஈ.எஃப்.’ என்ற பெயரில் பிறகு வந்தது. கிளாக்கும் இந்தியாவில் கால் பதித்திருக்கிறது: கவுண்டர் மெஷர்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து திருவள்ளூர் மாவட்டத்தில் தயாரிப்பு என்று 2020-ல் அறிவிப்பு வந்தது.

சட்டம்

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள், படைகள் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவைச் சுடவல்ல பிஸ்டல்களைத் தடைசெய்யப்பட்ட குழல்துளை வகையில் வைக்கின்றன. அவ்வகை உரிமம் மத்திய உள்துறை அமைச்சகம் தருவது, அரிதாகவே கிடைக்கும். 2019-ல் வந்த திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு. 9 மி.மீ. உரிமம் அரிது என்பதால் ஐதராபாத்தில் உரிமம் வைத்திருக்கும் தனிநபர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது .32 துளை ஆயுதங்கள்தான். கான்பூர் அரசு ஆலைகளின் உலோக ரிவால்வர்கள் இந்தச் சந்தையில் வேரூன்றியவை. 2023-ல் வந்த ‘பிரபல்’, தோட்டா இல்லாமல் 675 கிராம் எடையுள்ளது, அவ்வரிசையில் சேர்ந்தது. தன் ஊரில் தயாராகும் 9 மி.மீ. பாலிமர் பிஸ்டலை ஐதராபாத் உரிமதாரர் கண்காட்சியில் பார்க்கலாம். சாதாரண உரிமத்தில் வாங்க முடியாது.