பெங்களூர் தந்த சம்பங்கிகள்: பெயரும் பிறப்பும்

பெயர்களை இடுகுறி, காரணம் என்றும், பொது, சிறப்பு என்றும் வகுத்துக் காட்டியது நன்னூல். அதை இயற்றிய பவணந்தி முனிவரை ஆதரித்த சீயகங்கன், கன்னட நாட்டுக் கங்கர் மரபில் வந்தவன். அந்த இலக்கணம் மார்க்கெட்டில் பூ வாங்கவும் உதவும் என்றால் சிரிப்பீர்கள். சம்பங்கி விஷயத்தில் அதுதான் உண்மை.

நாம் சம்பங்கி, நிலச்சம்பங்கி என்பது கன்னடத்தில் சுகந்தராஜா; இந்தியில் ரஜனிகந்தா. இங்கே சிட்டி மார்க்கெட்டில் 'சம்பிகே' என்று கேட்டுப் பாருங்க, செண்பகத்தை எடுத்து நீட்டுவார்கள். மல்லேஸ்வரத்துச் சம்பிகே ரோடும் செண்பக மரத்தின் பெயரால் வந்ததே. சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. 1753இல் லின்னேயஸ் இதற்குப் பாலியாந்தஸ் டியூபரோசா என்று பெயரிட்டார். 2017இல் தாவரவியலார் இதை ஆனைக்கற்றாழையின் பேரினமான அகேவில் சேர்த்து, அகேவ் அமிகா என்றார்கள். செடி அதேதான், குடும்பப் பதிவேட்டில் பக்கம் மாறிவிட்டது.

தோட்டக்காரர்களின் வகைப்பாடு இதழ் அடுக்கை வைத்து அமைந்தது. ஒரே வரிசை இதழ் என்றால் ஒற்றை. இரண்டு மூன்று வரிசை என்றால் அரை அடுக்கு. அதற்கு மேல் அடுக்கு. ஒற்றை, உதிரிப்பூவாக மாலைக்கும் வாசனைத் தைலத்துக்கும் போகும். அடுக்கு, தண்டோடு ஜாடிக்குப் போகும்.

1967இல் தொடங்கிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நம் ஹெசரகட்டாவில் இருக்கிறது. அங்கே ஒற்றையையும் அடுக்கையும் கலந்து இரண்டு ரகங்களை உண்டாக்கினார்கள். ஒற்றையாகப் பூப்பது சிருங்கார்; அடுக்காகப் பூப்பது சுவாசினி. பெற்றோர் வகை ஒன்றே, பிள்ளைகள் இரண்டு விதம்! பிறகு சிருங்காரை மெக்சிகன் ஒற்றையோடு சேர்த்துப் பிறந்தது பிரஜ்வல்: இளஞ்சிவப்புச் சாயல் மொட்டு, வெள்ளைப் பூ, பருமனான மலர். வைபவ், மெக்சிகன் ஒற்றையின் வழி வந்த அரை அடுக்கு. மொட்டில் பச்சைச் சாயல் தெரியும். லக்னோ நிறுவனத்தார் காமா கதிர் பாய்ச்சி உண்டாக்கிய ரஜத ரேகா, சுவர்ண ரேகா இரண்டும் இலையின் வெள்ளி, பொன் கோடுகளால் பெயர் பெற்றவை. இவை காரணப்பெயர்கள்.

மேல்நாட்டில் ஐரிஸ் பூக்காரர்கள் இதில் நமக்கு முன்னோடிகள். 1920இல் தோன்றிய அமெரிக்க ஐரிஸ் சங்கம் கலப்பினங்களின் பெயரையும் பெற்றோரையும் பதிவேட்டில் ஏற்றி, தாடி ஐரிஸ்களைப் பெரும்பாலும் உயரத்தால் வகுத்தது. பயிர் ரகங்களுக்கான அனைத்துலகப் பெயர் விதிகள் 1953இல் வந்தன. 1959 முதல் புது ரகத்துக்கு லத்தீன் பெயர் வைக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. அதனால் அந்தந்த நாட்டு மொழிப் பெயர்களுக்கு இடம் கிடைத்தது.

பெயர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். சம்பங்கி பெருகுவது கிழங்கால். ஒரு பிரஜ்வலின் கிழங்கு எத்தனை தலைமுறை போனாலும் பிரஜ்வலே. ஆனால் மண் ஒட்டிய கிழங்கின் முகத்தில் அது எழுதியிருக்காது. நாட்டுக் கிழங்கைப் பிரஜ்வல் என்று சொல்லி விற்றால், விவசாயிக்குத் தெரிய மூன்று நான்கு மாதம் ஆகும், பூ வந்த பிறகு. ஒருமுறை நட்டது மூன்று வருஷம் வரை நிலத்தில் நிற்கும். அதற்குள் கடன் வட்டியோடு வந்து நிற்கும். சிருங்கார் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் என்று நம்பி வாங்கியவனுக்கு வேறு கிழங்கு போனால் வேரே போச்சு.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. பதிவாகும் ரகத்தின் பெயர் வெறும் எண்ணாக இருக்கக் கூடாது. ரகத்தின் குணத்தையோ மதிப்பையோ அடையாளத்தையோ பற்றிக் குழப்பக் கூடாது. தன் நிலத்து விதையை விவசாயி சேமிக்கலாம், பகிரலாம், விற்கலாம். ஆனால் பாதுகாப்புப் பெற்ற ரகத்தின் பெயரை முத்திரையிட்டு விற்க முடியாது.

தராசில் கல் குறைப்பதும் பெயரில் பொய் வைப்பதும் ஒரே குற்றம் என்பது வியாபாரியான என் எண்ணம். மாடித்தோட்டத்துக்குக் கிழங்கு வாங்கும் நம் குடும்பங்கள் 'சம்பங்கி' என்ற பொதுப்பெயரோடு நிற்காமல், ரகத்தின் சிறப்புப்பெயரையும் கேட்டு, பில்லில் எழுதி வாங்க வேண்டும். தொட்டியில் ஒரு சீட்டும் குத்தி வையுங்கள். பிள்ளைகள் அந்தப் பெயரைப் படிக்கட்டும்.