கறையும் புள்ளியும்

மணலி என்றதும் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளே இன்று நம் நினைவுக்கு வருகின்றன. இசை வரலாறு படிப்போர்க்கோ, 18ஆம் நூற்றாண்டில் இராம நாடகம் பாடிய சீர்காழி அருணாசலக் கவிராயரை ஆதரித்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் பெயரோடு ஒட்டிய ஊர் அது. இத்தகைய நூல்களின் பழைய அச்சுப் பிரதிகளை வருடிக் கணினியில் ஏற்றும்போது தாளின் கறைகளும் கரும்பொட்டுகளாகப் பதிந்துவிடுகின்றன.

அவற்றைத் துடைக்க, 1970களில் ஜான் டூக்கி முன்வைத்த இடைநிலை வடிகட்டி இன்றும் பயன்படுகிறது. ஒரு பிக்சலையும் அதைச் சூழ்ந்த எட்டையும் மதிப்பு வரிசையில் நிறுத்தி, நடுவிலுள்ள ஐந்தாவதை அவ்விடத்தில் வைப்பதே முறை. நான்கு பிக்சலுக்குள் அடங்கிய தனிக் கருமை மறைந்துபோகும். ஆங்கிலத்தில் சிறிய 'ஐ'யின் தலைப்புள்ளி போனாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். தமிழிலோ மெய்யெழுத்தே போய்விடும். நுண்மை குறைந்த படத்தில் நம் புரவலர் 'முததுககிருஷண முதலியார' ஆகிவிடுவார். (மணலியில் புள்ளியே இல்லை, தப்பித்தது!)

ஓலை கிழியுமென்று ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளி இட்டதில்லை; படிப்போரே ஊகித்துக்கொண்டனர். அச்சு நிலைநிறுத்திய புள்ளியைத் துலக்கும் முறையொன்று மீண்டும் பறிக்கிறது. ஐயம் எழும்போது திரும்பிப் பார்க்க மூலப் படம் வேண்டும். அதனை அழித்துவிட்டுத் துலக்கியதை மட்டும் வைத்திருக்கும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று.