99 நாள் பேரரசர்

போன மாதம் எனக்குக் குரல் கம்மி, மூன்று வாரமாகியும் சரியாகவில்லை. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, "பயமில்லை சார்" என்றார். திரும்பும் வழியில் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் பிரெடெரிக் நினைவுக்கு வந்தார்.

1887-ல் அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஜெர்மன் டாக்டர்கள் புற்றுநோய் என்று சந்தேகித்து அறுவைக்கு ஏற்பாடு செய்தார்கள். லண்டன் தொண்டை நிபுணர் மோரல் மெக்கன்சி வந்து, துளி சதையை எடுத்துக் கொடுத்தார். அதைச் சோதித்த விர்ச்சோவ், புற்றுநோய் தெரியவில்லை என்றார். அறுவை நின்றது.

1888 பிப்ரவரியில் மூச்சு விடக் கழுத்தில் துளையிட்டார்கள். மார்ச்சில் பேரரசரானவர், பேச முடியாமல் எழுதிக் காட்டியே 99 நாள் ஆண்டு, ஜூன் 15-ல் மறைந்தார். புற்றுநோய்தான். அடுத்து வந்த மகன் வில்ஹெல்ம் காலத்தில்தான் முதல் உலகப்போர் மூண்டது.

அந்நாளில் அந்த அறுவையே பலரைக் கொன்றது. ஆகவே மெக்கன்சியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை. மூன்று வாரம் குரல் கம்மினால் கஷாயத்தோடு நின்றுவிடாதீர்கள்.