அட்டைக் கத்தியும் ஜாலான் அம்பாஸ் கிரிசும்

கருத்தரங்கு தொடங்குமுன் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் என்னிடம், "அக்கா, படத்தில் வரும் கத்தி நிஜமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு நாடகத்துக்காக வீவக புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் படமெடுத்தோம். வில்லன் கையில் பிளாஸ்டிக் துப்பாக்கி. மேல்மாடியிலிருந்து பார்த்த ஒருவர் போலிசுக்குத் தகவல் கொடுத்துவிட்டார். முன்கூட்டியே யாருக்கும் சொல்லாதது எங்கள் தவறுதான். காயப்படுத்தும் நோக்கத்தோடு துப்பாக்கியால் சுட்டாலே மரண தண்டனை என்று 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய ஊர் இது. பொம்மைத் துப்பாக்கியை இறக்குமதி செய்யவும் போலிஸ் அனுமதி வேண்டும். துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரையோ கொண்டுவரவே முடியாது.

சரி, கத்திக்கு வருவோம். தேக்காவிலிருந்து சற்றுத் தூரத்தில், பாலஸ்டியர் சாலையை ஒட்டி ஜாலான் அம்பாஸ் இருக்கிறது. ஷா சகோதரர்களின் மலாய்ப் பட ஸ்டூடியோ 1967 வரை அங்கேதான் இயங்கியது. பி. ரம்லி அங்கே வளர்ந்த நட்சத்திரம். அவரை முதலில் கதாநாயகனாக்கியவர் நம் எல். கிருஷ்ணன், படம் 1950இல் வந்த 'பக்தி'. அந்நாளில் இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

1956இல் வங்காளத்தவரான பாணி மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா' வண்ணத்தில் வெளிவந்தது. அதில் ஹங் துவாவும் அவர் நண்பர் ஹங் ஜெபாட்டும் மோதும் சண்டையின் மையமே 'தாமிங் சாரி' என்ற கிரிஸ்தான். யார் கையில் அது இருக்கிறதோ அவரை வெல்ல முடியாது என்பது கதை. நண்பனை வீழ்த்த வந்த ஹங் துவா முதலில் அந்தக் கிரிசை மீட்டாக வேண்டும். நம் படங்களில் வாள் வீரனின் துணை. இங்கே ஆயுதமே ஒரு பாத்திரம்! போட்டி நிறுவனமான கேத்தே, தன் ஸ்டூடியோவின் பெயரிலேயே கிரிசை வைத்துக்கொண்டு 'கேத்தே கிரிஸ்' ஆனது. 1961இல் அது 'ஹங் ஜெபாட்' என்று எடுத்து, மற்றவரை நாயகனாக்கியது.

கிரிஸ் குட்டையானது, வீசுவதைவிடக் குத்துவதற்கே உரியது. ஆகவே இருவரும் மூச்சுப்படும் தூரத்தில் நின்றாக வேண்டும். 1948இல் ஜெமினி வாசனின் 'சந்திரலேகா'வில் ரஞ்சனும் எம்.கே. ராதாவும் போட்ட வாள் சண்டைக்கு விசாலமான அரங்கு தேவைப்பட்டது. எனக்கென்னவோ கிரிஸ் சண்டையில்தான் பயம் அதிகம்.

மரத்தில் செதுக்கி வெள்ளிச் சாயம் பூசினால் வாள். 'டணங்' என்ற சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அட்டைக் கத்தி என்று நாம் கேலி செய்வது அதைத்தான். துப்பாக்கி அப்படியல்ல. வெற்றுத் தோட்டாவில் குண்டு இருக்காது, வெடிமருந்து இருக்கும். புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ 1993இல் இறந்தது இதனால்தான். முன்பு பயன்படுத்திய டம்மி தோட்டாவின் முனை கழன்று குழாயில் சிக்கியிருந்தது, யாரும் பார்க்கவில்லை. பிறகு வெற்றுத் தோட்டா வெடித்தபோது அந்த முனை பாய்ந்தது. 2021 அக்டோபரில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் உண்மைத் தோட்டாவே துப்பாக்கிக்குள் இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024இல் 18 மாதச் சிறை.

திரையில் எத்தனையோ கத்திச் சண்டை போட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் 1967 ஜனவரி 12இல் பாய்ந்த குண்டு, படப்பிடிப்பில் அல்ல, ராமாவரம் வீட்டில்.

மாணவரிடம் சொன்னேன்: "கத்தி பெரும்பாலும் மரம்தான் தம்பி. துப்பாக்கியைத் தொடுமுன் கேள்." எங்கள் குழுவில் இப்போது பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் தனிப் பெட்டி, பூட்டு, கையெழுத்துப் புத்தகம் உண்டு. காட்சி முடிந்ததும் நடிகர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போக முடியாது.